கொடைக்கானல் மலையில் இருந்துகொண்டு காந்தமண்டல அலைகளைப் பிடிக்க முடியுமா?

பண்ணைக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: போனில் காந்தமானி செயலி ஒன்றை இறக்கி, இரவு மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தாராம். எண் 38 மைக்ரோடெஸ்லாவுக்கும் 43க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததாம். பூமியின் காந்தப்புலம் ஆளும் விண்வெளிப் பகுதியான காந்தமண்டலத்தின் வெளிப்புறத்தில், பிளாஸ்மாவில் (மின்னூட்டம் பெற்ற துகள்களாலான மெல்லிய வாயு) ஓடும் தாழ் அதிர்வெண் அலைகளைத்தான் போன் காட்டுகிறதா, விண்வெளியில் பூமி எழுப்பும் ஒலி என்று ஒரு காணொளியில் பறவைக் கீச்சு மாதிரிக் கேட்டதும் இதுதானா, இல்லையென்றால் வீட்டிலேயே கருவி வைத்துப் பதிவுசெய்ய வழி உண்டா, நிலநடுக்கத்துக்கு முன்னால் இவை தெரியும் என்கிறார்களே அது நிஜமா. நாலு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடக்கிற ஒன்றை இந்த மலையில் உட்கார்ந்து அறிய முடியுமா, அறிந்ததை எப்படி நம்புவது. தரையில் எடுத்த காந்தப் பதிவுகளோடு பல வருஷம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விண்கலக் கருவிகளை நான் கையாண்டதில்லை. அந்தப் பக்கம் எனக்கு வாசித்தும், அந்தத் தரவைத் தரைப் பதிவுகளோடு வைத்துப் பார்த்தும் வந்த அறிவுதான்.

முதலில் போன். நீங்கள் பார்த்தது விண்வெளி அலை இல்லை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நம் மலையில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, அதாவது 40,000 நானோடெஸ்லா. நீங்கள் சொல்லும் ஏற்ற இறக்கம் 5 மைக்ரோடெஸ்லா, அதாவது 5,000 நானோடெஸ்லா. 2024 மே 10, 11 தேதிகளில் வந்த காந்தப்புயல் நினைவிருக்கும், லடாக்கில் ஹன்லே வானத்தில் சிவப்பு வெளிச்சம் படமெடுத்தார்களே, அது. இருபது வருஷத்தில் இல்லாத பெரிய புயல் என்றார்கள். அதில்கூடத் தாழ் அகலாங்குகளில் புலம் சராசரியாக 400 நானோடெஸ்லா அளவில்தான் இறங்கியது. ஒரு சாதாரண இரவில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் புலம் ஆடியிருக்க வழியில்லை. போனுக்குள் இருக்கும் காந்த உணரியின் ஒரு படியே பெரும்பாலும் 100, 150 நானோடெஸ்லா இருக்கும்; திசைகாட்டிக்கு அது போதும். நாம் தேடும் அலையோ இந்த அகலாங்கில் ஒரு நானோடெஸ்லாவுக்குக் கீழே தொடங்கி, நல்ல கொந்தளிப்பான நாளில் சில நானோடெஸ்லா, அபூர்வமாகப் பத்து இருபது என்று போகும். உங்கள் எண்ணை ஆட்டியது மாடித் தளத்துக்குள் இருக்கும் கம்பி, போன் லேசாகச் சாய்ந்தது, போனுக்குள்ளேயே ஓடும் மின்னோட்டம், செயலி தன்னைத்தானே அளவு திருத்திக்கொண்டது, இவற்றில் ஏதாவது ஒன்று அல்லது எல்லாமும்.

காணொளியில் கேட்ட கீச்சு ஒலி வேறு சமாசாரம். அது காந்தமண்டலத்துக்குள் எலக்ட்ரான்கள் எழுப்பும் அலை, நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை போகும், அதனால் ஏறக்குறைய அப்படியே ஒலிபெருக்கியில் விட்டால் காதுக்குக் கேட்கும். நீங்கள் கேட்கும் தாழ் அதிர்வெண் அலைகள் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானவை. ஒரு முறை ஏறி இறங்க அரை நிமிஷம், ஐந்து நிமிஷம், சில சமயம் பத்து நிமிஷம் எடுக்கும். 1960களில் இவற்றுக்கு ஒரு வகைப்பாடு செய்தார்கள், இன்றும் அதையே வைத்துப் பேசுகிறோம்: தொடர்ச்சியாகச் சீராக வருபவை பிசி, அதில் பிசி-1 என்பது 0.2 முதல் 5 விநாடி, பிசி-3 என்பது 10 முதல் 45 விநாடி, பிசி-4 என்பது 45 முதல் 150, பிசி-5 என்பது 150 முதல் 600 விநாடி. ஒழுங்கில்லாமல் வெடித்துக் கிளம்பி அடங்குபவை பிஐ. வெளிக் காந்தமண்டலத்துக்கே உரியது என்றால் பிசி-5தான், அதைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

பூமியின் காந்தப்புலக் கோடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் சுற்றும் தூரத்தில், அதாவது பூமியின் மையத்திலிருந்து 6.6 பூமி ஆரம் தள்ளி, நடுக்கோட்டைக் கடக்கும் கோடு ஐஸ்லாந்து, வட நார்வே பக்கம் ஒரு முனையும் தெற்கே அதற்கு எதிரான இடத்தில் மறு முனையும் அயனிமண்டலத்தில் (மேல்வளியில் மின்துகள்கள் நிறைந்த அடுக்கு) ஊன்றி நிற்கிறது. அதன் நீளம் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீட்டர். இரு முனையும் கட்டிய துணிக்கொடி மாதிரிதான் அது: இழுவிசை காந்தப்புலம் தருகிறது, எடை அந்தக் கோட்டோடு ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்மா தருகிறது. கொடியில் ஈரத்துணி நிறையத் தொங்கினால் ஆட்டம் மெதுவாகும் (நம் ஊர் மூடுபனியில் துணி காயாமல் ஒரு வாரம் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை). பிளாஸ்மா கனமானாலும் அதேதான். இப்படிக் காந்தப்புலக் கோட்டோடு ஓடும் அலை இருக்க வேண்டும் என்று 1942இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் சுவீடனின் ஆல்வேன். அப்போது பலர் நம்பவில்லை, 1970இல் நோபல் பரிசு வந்தது. தரையில் பதிவாகும் காந்தத் துடிப்புகள் பூமியின் புலக்கோடுகளில் நிற்கும் ஆல்வேன் அலைகள்தான் என்று 1954இல் முன்வைத்தவர் இயற்பியலாளர் டஞ்சி. அந்தத் துடிப்புகளையே அதற்கு நூறு வருஷம் முன்னால், 1859ஆம் ஆண்டுப் பெரும் காந்தப்புயலின்போது, லண்டன் அருகே கியூ ஆய்வகத்துப் பதிவில் பால்ஃபோர் ஸ்டூவர்ட் பார்த்துக் குறித்துவைத்திருந்தார். என்னவென்று சொல்லத்தான் அப்போது ஆள் இல்லை.

கணக்கு எளிது, நீங்களே போட்டுப் பார்க்கலாம். அந்தத் தூரத்தில் புலம் சுமார் 100 நானோடெஸ்லா. ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து புரோட்டான் என்று வைத்தால் ஆல்வேன் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 700 கிலோமீட்டர் வரும். ஒரு லட்சம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 290 விநாடி, ஐந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. உண்மையில் கோடு பூமியை நெருங்க நெருங்கப் புலம் வலுத்து வேகம் கூடுவதால் நேரம் இன்னும் குறையும், ஆனாலும் பிசி-5 பட்டையை ஒட்டித்தான் விழுகிறது. கையால் போட்ட கணக்கு பதிவோடு இப்படி ஒத்துப்போவதுதான் இந்தத் துறையில் என்னை முதலில் பிடித்து இழுத்தது. இதைத் திருப்பிப் போட்டும் வேலை வாங்கலாம். ஆட்டத்தின் கால அளவை அளந்தால் அங்கே எவ்வளவு கனமான பிளாஸ்மா இருக்கிறது என்று தெரியும். காந்தப்புயல் சமயத்தில் அயனிமண்டலத்திலிருந்து ஆக்சிஜன் அயனிகள் மேலேறி வரும். ஒவ்வொன்றும் புரோட்டானைப்போலப் பதினாறு மடங்கு எடை. கோடு மெதுவாக ஆடத் தொடங்கும். எண்ணிக்கை அவ்வளவாகக் கூடாமல் எடை மட்டும் கூடியிருப்பதைத் தரையில் இருந்தே ஊகிக்க முடிகிறது.

கோட்டைத் தட்டி ஆட்டுவது யார் என்று கேட்டால், பெரும்பாலும் சூரியக்காற்று, அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் பிளாஸ்மா. காந்தமண்டலத்தின் எல்லை பகல் பக்கம் சுமார் பத்து பூமி ஆரத்தில் இருக்கிறது. அதன் இரு விலாக்களிலும் விநாடிக்கு 400, சில நாள் 600, 700 கிலோமீட்டர் வேகத்தில் சூரியக்காற்று உரசிக்கொண்டு போகிறது. வேகம் வித்தியாசப்படும் இரண்டு பாய்மங்கள் உரசும் எல்லையில் அலை எழும்புவது தெரிந்த விஷயம்தான், கெல்வின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலையின்மை என்று பெயர். அந்த அலை உள்ளே வந்து, தன் கால அளவோடு ஒத்துப்போகும் புலக்கோட்டைக் கண்டதும் அங்கே சக்தியைக் கொட்டிவிடும். 1971இல் கனடாவில் சாம்சன் குழுவினர் வடக்கு தெற்காக வரிசையாகக் காந்தமானிகளை வைத்துப் பார்த்தபோது ஒரு குறிப்பிட்ட அகலாங்கில் வீச்சு உச்சமாக இருந்தது, அந்த அகலாங்கைத் தாண்டியதும் ஆட்டத்தின் கட்டம் தலைகீழாகப் புரண்டது, அதாவது ஒரு பக்கம் ஏறும்போது மறு பக்கம் இறங்கியது. ஒத்ததிர்வு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். 1974இல் சவுத்வுட் ஒரு பக்கமும், சென், ஹசெகாவா இருவரும் இன்னொரு பக்கமும் தனித்தனியாக இதற்குக் கோட்பாடு எழுதினார்கள். இந்தப் பகுதி உறுதியானது. அப்புறம் வந்த விண்கலங்கள், 2000இல் ஏவிய கிளஸ்டர், 2007இல் ஏவிய தெமிஸ் எல்லாம், அங்கேயே போய்ப் பார்த்து இதைத்தான் சொல்லின.

பிசி-3க்குத் தோற்றம் வேறு. பூமிக்கு முன்னால் சூரியக்காற்று அதிர்ச்சியலையில் மோதும் இடத்தில், சில அயனிகள் திருப்பி அடிக்கப்பட்டுச் சூரியனை நோக்கியே ஓடுகின்றன. அவை வரும் காற்றோடு மோதி அலையை எழுப்ப, அந்த அலை காற்றோடு சேர்ந்து உள்ளே அடித்துவரப்படுகிறது. சூரியக்காற்றின் காந்தப்புலத்தை நானோடெஸ்லாவில் எடுத்து ஆறால் பெருக்கினால் அந்த அலையின் அதிர்வெண் மில்லிஹெர்ட்ஸில் வந்துவிடும் என்பது அனுபவ விதி. 5 நானோடெஸ்லா என்றால் 30 மில்லிஹெர்ட்ஸ், அதாவது 33 விநாடிக்கு ஒரு முறை. இது ஏன் நமக்கு முக்கியம் என்றால், 2024 ஜனவரியிலிருந்து நம் ஆதித்யா எல்1 பூமிக்குப் பதினைந்து லட்சம் கிலோமீட்டர் முன்னால் நின்று அந்தப் புலத்தை அளக்கிறது. அங்கே கடந்த காற்று இங்கே வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். அங்கே அளந்ததை வைத்து இங்கே எந்தக் கால அளவில் துடிப்பு வர வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு எண்ணை எழுதி வைத்துக்கொண்டு பார்க்கலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை இதுதான்.

சரி, நம் மலைக்கு வருவோம். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, பல பேர் எழுதும்போது தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். மேலே சொன்ன துணிக்கொடி முனைகள் ஐஸ்லாந்தில் இருக்கின்றன. பழனி மலையைத் தொட்டுப்போகும் புலக்கோடு கிட்டத்தட்டக் கிடையாகவே கிடக்கிறது, காந்த நடுக்கோடு நமக்குக் கொஞ்சம் தெற்கேதான் ஓடுகிறது. அந்தக் கோடு வெளிக் காந்தமண்டலத்தின் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. ஆக, இங்கே ஒத்ததிர்வு நடக்க வழியில்லை. ஆனாலும் துடிப்பு வருகிறது, அதுவும் பகலில் எதிர்பார்ப்பதைவிடப் பெரிதாக வருகிறது. காரணம் நம் தலைக்கு மேல் 100, 110 கிலோமீட்டர் உயரத்தில் பகல் முழுக்க மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் மின்னோட்டம், நடுக்கோட்டு மின்தாரை. புலம் கிடையாக இருக்கும் இந்த ஒரு பட்டையில் மட்டும், கிழக்கு நோக்கிய மின்புலம் மேலும் கீழுமாக மின்னூட்டத்தைப் பிரித்துவைக்க, அது போக்கிடம் இல்லாமல் தேங்கி, தேங்கியதே இன்னொரு மின்புலமாகி, கிழக்கே ஓடும் மின்னோட்டத்தைப் பல மடங்கு பெருக்கிவிடுகிறது. பட்டையின் அகலம் காந்த நடுக்கோட்டுக்கு இருபுறமும் சில நூறு கிலோமீட்டர்தான். கொடைக்கானல் அதற்குள் வருகிறது, திருநெல்வேலி இன்னும் நன்றாக நடுவில் வருகிறது, மும்பை பக்கத்து அலிபாக் வெளியே நிற்கிறது. 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் சூரியனோடு சேர்த்துக் காந்தப் பதிவும் பல பத்தாண்டுகள் நடந்ததற்கு இந்த இடவசதியும் ஒரு காரணம்.

விளைவு என்னவென்றால், வெளியிலிருந்து வரும் பிசி-5, பிசி-4 துடிப்புகள் பகலில் இந்தப் பட்டைக்குள் வந்ததும் வடக்கு தெற்குக் கிடைக்கூறில் பெருகித் தெரிகின்றன. அதே சமயத்தில் பட்டைக்கு வெளியே இருக்கும் நிலையத்தைவிட இரண்டு மடங்குகூட இருக்கலாம். இருபது முப்பது விநாடிக்குக் குறைவான வேகத் துடிப்புகளுக்கு நேர்மாறு, நன்கு கடத்தும் அந்த அடுக்கே அவற்றை மறைத்து மங்கவைத்துவிடுகிறது. அதனால் கொடைக்கானல் பதிவைப் பார்த்து வெளிக் காந்தமண்டலத்தில் அலை இவ்வளவு பெரிது என்று நேராகச் சொல்ல முடியாது. நீங்கள் பார்ப்பது அந்த அலை தூண்டிவிட்ட, தலைக்கு மேல் ஓடும் மின்னோட்டத்தின் ஆட்டத்தை. கால அளவை நம்பலாம், நேரத்தை நம்பலாம், வீச்சை நம்பக் கூடாது.

சில அலைகள் தரைக்கே வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். பூமியின் இரவுப் பக்கம் நீண்டு கிடக்கும் காந்தவாலிலிருந்து உள்ளே பாயும் அயனிகள் எழுப்பும் ஒருவகைத் துடிப்பு கிழக்கு மேற்காக மிகக் குறுகிய அலைநீளம் கொண்டது. அயனிமண்டலத்து அளவில் சில நூறு கிலோமீட்டர், அதற்கும் குறைவு. அப்படிப்பட்டது அயனிமண்டலத்துக்கும் தரைக்கும் இடையிலேயே தேய்ந்துவிடும். செயற்கைக்கோள் அங்கே அழகான அலையைப் பதிவுசெய்யும்போது கீழே காந்தமானியில் வெறும் நேர்கோடு ஓடும். தரையில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து மேலே ஒன்றும் இல்லை என்று எழுதக் கூடாது.

இப்போது கருவி. வீட்டில் செய்யலாம், அதிகச் செலவும் இல்லை. ஆர்எம்3100 என்று ஒரு உணரி கிடைக்கிறது, வெளிநாட்டில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதை வைத்தே காந்தமானி வலை கட்டியிருக்கிறார்கள். ஒரு அளவீட்டில் பத்து நானோடெஸ்லா அளவில் இரைச்சல் இருக்கும், ஒரு விநாடிக்குள் பல முறை அளந்து சராசரி எடுத்தால் சில நானோடெஸ்லாவுக்கு இறக்கலாம். காந்தப்புயலின் தொடக்கக் குதிப்பும், பெரிய பிசி-5ம் இதற்குச் சிக்கும். சின்னத் துடிப்புகளுக்கு ஃப்ளக்ஸ்கேட் வகைக் காந்தமானி வேண்டும், அது விலை அதிகம், முதலிலேயே அதற்குப் போக வேண்டாம்.

உணரியை வைக்கும் இடம்தான் முக்கால்வாசி வேலை. மொட்டைமாடி கூடவே கூடாது. காப்பித் தோட்டத்துக்குள், வீட்டிலிருந்தும் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தும் நன்றாகத் தள்ளி, பிவிசி குழாயில் அடைத்து இடுப்பளவு ஆழத்தில் புதையுங்கள். காந்தப்பொருள் ஒன்றின் புலம் தூரம் இரட்டிப்பானால் எட்டில் ஒன்றாகக் குறையும், அதனால் பத்து மீட்டரில் தொல்லை கொடுக்கும் ஜீப் முப்பது மீட்டரில் அநேகமாக ஓய்ந்துவிடும். குழாய் மூடிக்குப் போடும் ஒவ்வொரு திருகையும் பதிக்கும் முன்னால் உணரிக்குக் கிட்டே கொண்டுபோய் எண் நகர்கிறதா என்று பாருங்கள். பித்தளை என்று கடையில் கொடுப்பதில் பாதி, மேலே மட்டும் மஞ்சள் பூசிய இரும்பாக இருக்கும். மழைத்தண்ணீர் இறங்காமல் மூடுங்கள். அப்புறம் நம் மலைக்கே உரிய ஒரு தொந்தரவு, காட்டுமாட்டுக்காகப் போடும் சோலார் மின்வேலி. அது ஏறக்குறைய விநாடிக்கு ஒரு துடிப்பு விடும். நீங்களும் விநாடிக்கு ஒரு முறை அளந்தால், இரண்டுக்கும் உள்ள சிறு வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து நாற்பது ஐம்பது விநாடிக்கு ஒரு முறை அசையும் அருமையான பொய் அலையாகப் பதிவில் வந்து நிற்கும். அதை பிசி-4 என்று நம்பிவிடுவது மிகச் சுலபம். விநாடிக்குப் பல முறை அளந்து, பிறகு சராசரி எடுத்தால் இந்த வலை அறுந்துவிடும். நேரத்துக்கு ஜிபிஎஸ் கட்டாயம்.

புதைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் வெப்பநிலை. மார்கழி, தை மாதங்களில் இங்கே விடியற்காலை உறைபனியும் மதியம் நல்ல வெயிலுமாக இருக்கும். வெளியே வைத்த உணரி அதற்கேற்ப நகர்ந்து, நண்பகலை ஒட்டி ஒரு மேடு வரைந்துவிடும். மின்தாரையும் பகலில் ஒரு மேடுதான் வரையும், அமைதியான நாளில் 50 முதல் 100 நானோடெஸ்லா உயரத்துக்கு. இரண்டையும் பிரிக்க உச்சியைப் பாருங்கள். மின்தாரையின் மேடு பதினொரு மணி வாக்கில் உச்சி தொடும், வெயிலின் மேடு இரண்டு, மூன்று மணிக்கு. உங்கள் மேடு இரண்டரைக்கு உச்சி தொட்டால் இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள். பதினொன்றுக்குத் தொட்டால் கருவி வேலை செய்கிறது, துடிப்பைத் தேடத் தொடங்கலாம். பழைய புகைப்படத்தாள் பதிவுகளில் ஒரு மணி நேரத்துக்கு 15 மில்லிமீட்டர் அளவில்தான் தாள் நகரும். ஐந்து நிமிஷ அலை ஒரு மில்லிமீட்டர் சொச்சத்தில் சின்னப் பல்லாகத் தெரியும், அரை நிமிஷ அலை தெரியவே தெரியாது, கோடு அந்த இடத்தில் கொஞ்சம் தடித்திருக்கும், அவ்வளவுதான். பூதக்கண்ணாடி வைத்து அந்தத் தடிப்பை அளந்தவர்களுக்கு, இன்று ஒரு கணினித் திரையில் ஒரு நொடியில் கிடைப்பதன் மதிப்பு தெரியும்.

கிடைத்ததை நம்புவது எப்படி என்பதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: இன்னொரு இடத்தோடு ஒப்பிடுவது. அலிபாக், ஹைதராபாத் நிலையங்களின் தரவு, உலகக் காந்த ஆய்வகங்களின் கூட்டான இன்டர்மேக்னெட் வலையில் பொதுவில் கிடைக்கிறது. உங்கள் பதிவில் ஒரு துடிப்பு வந்தால் அதே நேரத்தை அங்கே எடுத்துப் பாருங்கள். அங்கேயும் அதே வடிவத்தில் இருந்தால் மேலிருந்து வந்தது. உங்களிடம் மட்டும் இருந்தால் அது உங்கள் தெருவில் பிறந்தது. பகலில் இரண்டு இடத்திலும் இருந்து உங்களிடம் பெரிதாக இருந்தால், மேலே சொன்ன மின்தாரைப் பெருக்கத்தை உங்கள் தோட்டத்திலேயே பார்த்துவிட்டீர்கள். இரவில் வத்தலக்குண்டு சாலையில் கடைசிப் பேருந்தும் போன பிறகு இரைச்சல் குறையும், ஆனால் மின்தாரையும் அப்போது இருக்காது. அந்த நேரத்துக்கு ஏற்றது பிஐ-2, காந்தவாலில் சேர்ந்த சக்தி திடீரென வெளிப்படும் துணைப்புயல் வெடிக்கும்போது கிளம்பி, தாழ் அகலாங்குகளில் பரவலாக ஒரே கட்டத்தில் ஆடுவது. நாலைந்து ஆட்டத்தில் அடங்கிவிடும், வீச்சு ஒரு நானோடெஸ்லா இருந்தாலே பெரிது.

உறுதியில்லாத பகுதிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இணையத்தில் இவற்றை முடிந்த விஷயமாக எழுதுகிறார்கள். வெளிக் காந்தமண்டலத்து ஆட்டம் நடுக்கோடு வரை எந்த வழியில் வந்து சேர்கிறது என்பதில் இரண்டு கட்சி உண்டு: புலத்தைக் குறுக்கே கடந்து நேராக உள்ளே அமுக்கலையாக வருகிறது என்பது ஒன்று, துருவப் பக்கத்து அயனிமண்டலத்தில் மின்புலமாக இறங்கி, தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் நடுவே உள்ள வெளியில் ஒரு நொடிக்குள் இங்கே பரவிவிடுகிறது என்பது இன்னொன்று. இரண்டும் நடக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன், எது எப்போது எவ்வளவு என்பது இன்னும் பிரியவில்லை. அதேபோல 1.3, 1.9, 2.6, 3.4 மில்லிஹெர்ட்ஸ் என்று குறிப்பிட்ட அதிர்வெண்களிலேயே காந்தமண்டலம் ஆடுகிறது என்று 1990களில் பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு பெரிய தரவுத் தொகுப்புகளில் தேடியவர்கள் சிலருக்கு அது கிடைக்கவில்லை. சூரியக்காற்றின் அடர்த்தியே அந்த வேகத்தில் ஏறி இறங்கி நேரடியாக ஆட்டுவதையும் சிலர் காட்டினார்கள். மாய எண்கள் என்று நம்பி உங்கள் பதிவில் அவற்றைத் தேடாதீர்கள், தேடினால் எப்படியும் கிடைக்கும்.

இந்த அலைகளால் நமக்கு என்ன என்று கேட்டால், கதிர்வீச்சுப் பட்டைதான் பதில். புவிநிலைத் தூரத்தில் ஒரு மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள எலக்ட்ரான் பூமியைச் சுற்றிவரப் பத்து நிமிஷம் போல ஆகும். பிசி-5 அதே மாதிரிக் கால அளவில் ஆடுவதால் எலக்ட்ரானைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி உள்ளே கொண்டுவந்து சக்தியும் ஏற்றிவிட முடியும். அந்த எலக்ட்ரான்கள் தொலைக்காட்சி, தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களுக்குள் ஊடுருவி மின்னூட்டம் சேர்ப்பவை. இது நடக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டையை நிரப்புவதில் முதல் பங்கு இதற்கா, அந்தக் கீச்சு அலைகளுக்கா என்பது வழக்காகவே இருந்தது. 2012இல் போன வான் ஆலன் விண்கலங்கள் அந்த அக்டோபர் மாதத்துப் புயல் ஒன்றில் கீச்சு அலைகள் அந்த இடத்திலேயே முடுக்குவதைத் தெளிவாகக் காட்டின. வேறு சமயங்களில் தாழ் அலைகளின் பங்கு பெரிதாக இருந்திருக்கிறது. நிகழ்வுக்கு நிகழ்வு மாறும் என்பதற்கு மேல் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல யாராலும் ஆகாது.

நிலநடுக்கம். இந்தப் பேச்சு பெரும்பாலும் 1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கத்துக்கு முன்னால் அருகிலிருந்த ஒரு காந்தமானியில் தாழ் அதிர்வெண் இரைச்சல் கூடியது என்று வந்த ஆய்விலிருந்து கிளம்பியது. நல்ல ஆராய்ச்சியாளர்கள், நேர்மையாக எழுதினார்கள். இருபது வருஷம் கழித்து 2009இல் அதே தரவை மறுபடி சோதித்தவர்கள், அந்தக் காலத்து உலகளாவிய காந்தக் கொந்தளிப்பும் கருவிக் கோளாறுமே அதை விளக்கப் போதும் என்று காட்டினார்கள். அதற்குப் பின் வந்த அறிக்கைகளில் பலவும், பக்கத்து நிலையத்தோடு ஒப்பிட்டால் கரைந்துபோகின்றன. என் நிலைப்பாடு: பாறை உடையும்போது சிறிய மின்னோட்டம் உண்டாகலாம், அதைத் தேடுவதில் தப்பில்லை, ஆனால் இன்று யாராவது காந்தத் துடிப்பை வைத்து நிலநடுக்கம் வருகிறது என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம், மற்றவர்களுக்கு அனுப்பவும் வேண்டாம். பயந்துபோய்க் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் வெளியே வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

எப்போது தொடங்கலாம் என்றால், இப்போதே. சூரியனின் ஏறக்குறைய பதினொரு வருஷச் செயல்பாட்டுச் சுழற்சிகளில் 25ஆவது 2024 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. உச்சத்துக்குப் பிந்தைய இறங்குமுக வருஷங்கள்தான் பிசி-5க்கு நல்ல காலம், ஏனென்றால் சூரியனின் கரோனாத் துளைகளிலிருந்து (வெளி வளிமண்டலத்தில் காந்தப்புலம் வெளியே திறந்திருக்கும் இடங்கள்) வேகமான காற்று நீண்ட நாள் வீசும், அந்தத் துளை சூரியனோடு சுற்றிச் சுமார் 27 நாளுக்கு ஒரு முறை மறுபடி நம்மைப் பார்க்கும். ஒரு தடவை காலையில் நல்ல துடிப்பு கிடைத்தால் தேதியைக் குறித்துவைத்து 27 நாள் கழித்து மறுபடி பாருங்கள். சராசரி எடுக்காத மூலப் பதிவை அழிக்காதீர்கள், பக்கத்தில் ஒரு நோட்டில் பம்பு போட்ட நேரம், ஜீப் எடுத்த நேரம், வேலிக்கு மின்சாரம் விட்ட நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மூன்று மாதப் பதிவு சேர்ந்ததும் இங்கே போடுங்கள், அலிபாக் தரவோடு சேர்த்து நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.